மதரம்மாவை உட்காரவைத்த நாள்

எல்லக்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரத்தில் மதரம்மா இறந்துபோனார். தான் தங்கி வைத்தியம் பார்த்த மருந்துக் காம்பராவில் இல்லை, இரத்தினபுரியில் இருந்த கன்னியர் மடத்திலும் இல்லை. அந்த வருசம் கரகம் எடுக்க இருந்த அழகமுத்துவின் லயக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அவன் பெண்சாதி வெள்ளையம்மாவின் நெஞ்சில் சாய்ந்தபடியே உயிர் போயிற்று. இடம் பார்த்து நாள் பார்த்துச் சாக யாருக்கு வாய்க்கிறது?

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசம், வைகாசிக் கடைசி. மழைக்காலத்தில் போய்த் திருவிழா வைப்பார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. றக்வானைப் பக்கத்தில் மழையில்லாத மாசம் பார்த்துத்தான் வைப்பதென்றால் அம்மன் ஒருநாளும் கோயிலை விட்டு வெளியே வர முடியாது. வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக் களத்தில் காலையில் பேர் கொடுக்கும்போதே சனங்கள் நனைந்துதான் நிற்பார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி, காலில் அட்டை. அந்த வருசம் கீழே ஆறு பெருகி வயல்களெல்லாம் ஒரே வெள்ளமாகி, இரத்தினபுரிக்குப் போகும் பஸ் ரோடும் அறுந்து கிடந்தது.

மதரம்மாவின் முழுப் பெயர் மதர் பெனடிக்டா. பிரான்சு தேசத்தில் கடலோரத்து ஊர். தகப்பன் மீன் பிடிக்கிறவர். மதரம்மா இந்தப் பக்கம் வந்து முப்பது வருசம் ஆகியிருந்தது. மடத்தில் இருந்த மற்றக் கன்னியாஸ்திரிகள் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தார்கள். இவர் படித்தது லயத்தில் பிள்ளை பெறுகிற பெண்களிடம். ஆகையால் அவருக்கு முதலில் வந்தது வசவுதான். மற்றவர்கள் ஜெபப் புத்தகத் தமிழில் பேச, இவர் மட்டும் "ஏண்டி எருமை, வாயப் பொளந்துகிட்டு கெடக்காத, முக்குடி" என்பார். கேட்கிற பெண்ணுக்கு வலியோடு சிரிப்பும் வந்துவிடும்.

அவர் வந்த காலத்தில் லயத்தில் பிறக்கிற பிள்ளைகளில் பாதி ஒரு வாரம் தாண்டாது. தொப்புள்கொடியைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் அறுத்து, அடுப்புச் சாம்பலை அப்பிவிடுவார்கள். சில நாளில் பிள்ளைக்குத் தாடை கட்டிக்கொள்ளும். உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போகும். பேயடித்துவிட்டது என்று மந்திரிக்கப் போவார்கள். மதரம்மா தகர டப்பாவுக்குள் கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்துத் தூக்கிக்கொண்டு, தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக நடந்தார். சாம்பலை எடுத்த கையில் அடித்தே விட்டார் என்றும் சொல்வார்கள். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்த வருசத்தில், எழுந்து நிற்க முடிந்த நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சி ஊற்றியதும், குழி வெட்ட ஆள் இல்லாதபோது மண்வெட்டி பிடித்ததும் அவர்தான்.

இத்தனையும் செய்து அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்தது இரண்டே குடும்பம். அதில் ஒன்று தீபாவளிக்குக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. மடத்துப் பெரியவர்களுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. மதரம்மாவிடம் கேட்டால், முதலில் பிள்ளை உயிரோடு இருக்கட்டும், எந்தச் சாமியைக் கும்பிடுவதென்று பிறகு அதுவே முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இந்தத் தோட்டத்தில் அவர் முதலில் கையில் வாங்கிய பிள்ளை வெள்ளையம்மா. பெற்றவள் அந்தப் பேற்றிலேயே போய்விட்டாள். ஆட்டுப்பாலைத் துணியில் தோய்த்து ஊட்டி, மூன்று மாசம் மருந்துக் காம்பராவிலேயே வைத்திருந்து, உடம்பு தேறிய பிறகு அத்தைக்காரியிடம் கொடுத்தார். வெள்ளையம்மா வளர்ந்து, கொழுந்தெடுக்கப் போய், அழகமுத்துவைக் கட்டி, தன் பிள்ளைகளையும் அவர் கையிலேயே பெற்றாள். ஓய்ந்த நேரங்களில் அவரோடு பிரசவத்துக்குத் துணைக்கும் போவாள். என்றாலும் எல்லாரையும் போல "மதரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

அழகமுத்து சில்லறைக் கங்காணி. கையில் பத்திருபது ஆள். அதட்டத் தெரியாத கங்காணி என்று சக கங்காணிமார் கேலி செய்வார்கள். போன வருசம் குளிர்காய்ச்சல் வந்து, வயிறு வீங்கி, கண் சொருகிக் கிடந்தான். மதரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கொயினா மாத்திரையைக் கரைத்துக் கரைத்துப் புகட்டினார். வெள்ளையம்மா இன்னொரு பக்கம், புருசன் பிழைத்தால் அடுத்த திருவிழாவுக்கு அவன் தலையில் கரகம் எடுக்கவைக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். பிழைத்துவிட்டான். யார் பிழைக்கவைத்தது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். மதரம்மாவிடமே கேட்டாள்.

"அத நீயும் உன் சாமியும் பேசிக்குங்க. மாத்திரைய மட்டும் நிப்பாட்டாம முழுங்கச் சொல்லு" என்றார் மதரம்மா.

நேர்ந்தபடி அழகமுத்து கையில் காப்புக் கட்டினான். மஞ்சள் கயிறுதான், ஆனால் கட்டினவனுக்கு அது விளையாட்டில்லை. கோயில் கொட்டிலில் படுக்கை, ஒரு வேளைச் சோறு. எழவு வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. சொந்த வீட்டில் சாவு விழுந்துவிட்டால் தீட்டு. காப்பை அறுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டியதுதான். கரகம் வேறு ஆள் தலைக்குப் போகும், நேர்த்திக்கடன் நின்றுபோகும். நின்றுபோனால் அம்மன் கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பாள் என்பது சனங்களின் நம்பிக்கை. வெள்ளையம்மாவுக்கும் அதே நம்பிக்கைதான்.

காப்புக் கட்டிய மறுநாள் மேல் லயத்தில் ஒரு பிரசவம். மதரம்மாவுக்கு அறுபது நெருங்கிய வயசு, ஒரு முழங்கால் மடங்காது. ஏறப்போய் வழுக்கி, வடிகால் கானில் விழுந்து, நனைந்தபடியே பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். மருந்துக் காம்பராவுக்குப் போகிற மரப்பாலத்தை அதற்குள் ஆறு கொண்டுபோயிருந்தது. வெள்ளையம்மா கையைப் பிடித்துத் தன் காம்பராவுக்குக் கூட்டிவந்தாள். மாற்றுத் துணி கொடுத்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு விசில் மாதிரி வந்தது. அது என்ன காய்ச்சல், எங்கே கொண்டுபோய் விடும் என்பது மதரம்மாவுக்கே தெரியும். இரத்தினபுரிப் பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்ப முடியுமா என்று கேட்டார். வெள்ளத்தைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுத்தால் மூச்சு முட்டும். ஆகையால் வெள்ளையம்மா பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கால் மரத்துப்போயிற்று.

"கொஞ்சம் கெடத்துடி. முதுகு முறியுது."

"கெடத்துனா மூச்சு நின்னுரும் மதரம்மா. செத்த பொறுத்துக்குங்க."

இன்னும் இரண்டு தரம் கேட்டார். அவள் கிடத்தவில்லை. பொழுது ஏறி, மழை கொஞ்சம் வெளிவாங்கிய நேரத்தில் மூச்சு நின்றது. நின்றது தெரிந்தும் அவள் வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் கோயில் பூசை பார்க்கிற வேலாயுதப் பண்டாரம். வாசலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனுசர் இல்லை. காசுக்குப் பேசுகிறவரும் இல்லை. மதரம்மா மேல் அவருக்கு இருந்த மரியாதை பெரிது. அவர் பேத்தியின் தொப்புளிலிருந்து சாம்பலைத் துடைத்தெறிந்ததும் மதரம்மாதான்.

"வெள்ளையம்மா, நா சொல்றத நல்லா கேட்டுக்க" என்றார். "இவங்க குடும்பம் புள்ளைன்னு இருந்தவங்க இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. அப்பேர்ப்பட்டவங்களுக்குச் சாவுன்னு ஒன்னு இல்ல, தீட்டும் இல்ல. எரிக்கவும் கூடாது, கெடத்திப் பொதைக்கவும் கூடாது. சாமியாராப் போன எங்க பாட்டனுக்குச் செஞ்சாப்புல உக்கார வச்சு, உப்பக் கொட்டி எறக்கணும். ஒடம்பு வெறைக்கிறதுக்குள்ள செய்யணும்."

"அவங்க வேதக்காரங்களாச்சுங்களே."

"வேதக்காரங்க வந்து சேர வழி எங்க இருக்கு? இன்னொன்னும் கேட்டுக்க. நீ அழக் கூடாது. ஒரு குரல் அழுதாலும் இது எழவு வீடாயிரும். அப்புறம் அவன் கைக் காப்ப நா அறுத்துத்தான் ஆகணும்."

அழகமுத்து தூரத்தில் பலா மரத்தடியில் மஞ்சள் வேட்டியோடு நனைந்துகொண்டு நின்றான். கிட்ட வர முடியாது. வெள்ளையம்மா வாசலில் வந்து நின்று, என்ன செய்வது என்று கையை விரித்துக் கேட்டாள். பண்டாரம் சொல்கிறபடி செய் என்று அவன் தலையசைத்தான். தலையசைத்தவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் சம்மதித்தாள். மனசில் பாதி மதரம்மாவுக்குச் செய்கிற மரியாதை, பாதி புருசன் உயிர் மேலிருந்த பயம். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தபோது அவள் போகாமல் என்ன செய்வாள்? ஆனால் மூன்றாவதாக ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பெண்கள் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். மதரம்மா பிரசவத்துக்குக் கூடவே கொண்டுவரும் தகரப் பெட்டியில் இருந்த மாற்று வெள்ளை அங்கியை உடுத்தினார்கள். பலகை போட்டு, சம்மணம் கூட்டி உட்காரவைத்து, முதுகு சாயாமல் நடுத்தூணோடு ஒரு சேலையால் கட்டினார்கள். மடங்காத முழங்கால் அப்போதும் மடங்கமாட்டேன் என்றது. வெள்ளையம்மாதான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி மடக்கினாள். பண்டாரம் விபூதித் தட்டை நீட்டினார். அது மட்டும் வேண்டாம் என்று அவள் தடுத்து, செபமாலையை எடுத்துக் கைகளுக்கு நடுவில் வைத்தாள். பண்டாரமும் வற்புறுத்தவில்லை.

சனம் வந்துகொண்டேயிருந்தது. கீழ் ஊர்ச் சிங்களப் பெண்கள் வெள்ளைப் பூவோடு ஏறிவந்து, காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். பறை அடிக்கவில்லை, சங்கு மட்டும் ஊதினார்கள். லயத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றார்கள். அழுகை இல்லாத சாவு வீட்டை எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள்கூடப் பயந்துபோய் அம்மாமாரின் காலைக் கட்டிக்கொண்டன. மதரம்மா எல்லாருக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் தெய்வம் மாதிரி இருக்கிறார் என்றார்கள். வெள்ளையம்மாவுக்கு மட்டும், முதுகு வலிக்கிறது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது.

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினார்கள். உப்புக்கும் சூடத்துக்கும் கீழே கபூர் நானாவின் கடைக்கு ஆள் போயிற்று.

கபூர் நானாவின் கடை தோட்டத்து ரோடு வளைந்து ஏறுகிற முடக்கில் இருந்தது. அரிசி, கருவாடு, கருப்பட்டி, கம்பளி, எல்லாம் கிடைக்கும். மதரம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு ஒத்துப்போனதே இல்லை. கருவாட்டில் புழு என்று மதரம்மா கடை வாசலில் நின்று சத்தம் போடுவார். நானா அந்தக் கருவாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பிரசவ வீட்டுக்கென்று நல்லெண்ணெயை இனாமாகக் கொடுத்துவிடுவார். அவர் பெண்சாதி ஸுபைதா பெற்ற பிள்ளைகள் அத்தனையும் மதரம்மா எடுத்தவை.

உப்பு மூட்டை எதற்கு என்று நானா கேட்டார். வந்தவன் சொன்னான். நானா, கடையில் உப்பு முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று அனுப்பிவைத்தார். அப்போது அவர் உட்கார்ந்திருந்ததே உப்பு மூட்டையின் மேலேதான். ஆள் போனதும் தம்பி தாஸிமைக் கூப்பிட்டு, மழை கொஞ்சம் விட்டிருக்கும்போதே ஓடக்காரனைப் பிடித்து எப்படியாவது இரத்தினபுரி மடத்துக்குப் போய்ச் சொல்லச் சொன்னார். உப்பு இல்லாமல் எப்படி இறக்குவது என்று பண்டாரம் தயங்க, குழி அன்றைக்குக் காத்திருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குச் சவப்பெட்டி வந்தது. வெள்ளத்தில் ஓடத்தில் ஏற்றி, அதற்கப்புறம் கீழ் ஊர் ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்கள். நீளமான கறுத்தப் பெட்டி. முன்னால் குடையோடு கபூர் நானா, பின்னால் சிஸ்டர் ரெஜினா. யாழ்ப்பாணத்துக்காரி, மடத்துக்கு வந்து நாலைந்து வருசம்தான். மதரம்மாவோடு ஒரு தரம் லயத்துக்கு வந்து, அட்டை கடித்து மயங்கி விழுந்தவர். பெரிய சாமியார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டதால், மடத்துக் கல்லறையான சேமக்காலையில் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

சிஸ்டர் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்தார். தூணில் கட்டி, சம்மணம் கூட்டி உட்காரவைத்திருந்த மதரைக் கண்டார்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?" என்றார். "இதென்ன கொலுப் பொம்மையோ? ஆர் உங்களைக் கட்டச் சொன்னது? இனி எப்பிடி நான் இவவைப் பெட்டிக்குள்ள படுக்க வளத்துறது?"

சிஸ்டர் தானே போய்ச் சேலைக் கட்டை அவிழ்த்தார். உடம்பு சாயவில்லை. விறைத்துப்போய் உட்கார்ந்தபடியே இருந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. கபூர் நானா வாசலில் திரும்பி நின்றுகொண்டார்.

பண்டாரம் தன் நியாயத்தை மெதுவாகச் சொன்னார். அவமரியாதை ஒன்றும் செய்யவில்லை, இருக்கிறதிலேயே பெரிய மரியாதையைத்தான் செய்தோம் என்றார். இனிப் படுக்கவைக்க முடியாது, அவர்கள் இருந்த மண்ணிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னார். சிஸ்டர் தலையை ஆட்டினார். மடத்துக்கு வெறும் பெட்டியோடு திரும்ப முடியாது, மதருக்கு ஜெபம் சொல்லி, மற்ற மதர்மாருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நடுவில் அகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.

வெள்ளையம்மா எழுந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"சிஸ்டரம்மா, செத்த தள்ளி உக்காருங்க. நா மடக்குன காலு, நானே நீட்டுறேன்."

சுடு தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முழங்காலுக்கு ஒத்தடம் போட்டாள். எண்ணெயைச் சூடுகாட்டி, தொடையிலிருந்து கீழாக நீவினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கால் இழுத்துக்கொண்டால் இப்படித்தான் செய்ய வேண்டுமென்று மதரம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, நீவிக்கொண்டே இருக்க வேண்டும். நீவினாள். துணி ஆறினால் மறுபடி நனைத்தாள். சிஸ்டர் ரெஜினா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, மற்றக் காலுக்கு வந்து உட்கார்ந்தார். எப்படி என்று கேட்கவில்லை, அவள் கையைப் பார்த்துச் செய்தார்.

அந்தக் கால்களை வெள்ளையம்மா அதற்கு முன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முழங்கால் இரண்டிலும் முட்டிபோட்டுக் காய்த்த காய்ப்பு. அதற்குக் கீழே, கணுக்கால் வரை, அட்டை கடித்து ஆறின கறுப்புத் தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன. பாதம் பிளந்து வெடித்திருந்தது. கொழுந்து மலையில் முப்பது வருசம் ஏறி இறங்கின எந்தப் பெண்ணின் காலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒரு கால் இளகியது. அப்புறம் மற்றது. முதுகைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லச் சாய்த்து, பாயில் கிடத்தினார்கள். மதரம்மா நீட்டி நிமிர்ந்து படுத்தார். வெள்ளையம்மா அவர் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தபடி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"கெடத்திட்டேன் மதரம்மா" என்றாள். "இப்ப வலிக்கலியே? நேத்தே கேட்டீங்களே, மூணு தரம் கேட்டீங்களே. செத்த பொறவும் உக்கார வச்சிட்டேனே பாவி."

அதோடு அவளால் அடக்க முடியவில்லை. ஆத்தா என்று ஒரு குரல் எடுத்தாள். மூன்று மாசம் பால் ஊட்டின ஆத்தா, நான் பெற்றதையெல்லாம் கையில் வாங்கின ஆத்தா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பண்டாரம் பதறிப்போய் வாசலுக்கு வந்தார். "வெள்ளையம்மா, வாய மூடு. சாமியாருக்கு அழக் கூடாது."

"சாமியாருக்குத்தானே அழக் கூடாதுங்க? இது எங்க ஆத்தா."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற பெண்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள் போலும். ஒருத்தி வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி சேர்ந்தாள். வட்டமாக உட்கார்ந்து, தலையோடு தலை முட்டி, முதல் நாளிலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதார்கள். கீழ் ஊர்ச் சிங்களப் பெண்களும் அழுதார்கள். லயம் முழுக்கக் கேட்டது. அது எழவு வீடாகிவிட்டது என்பதற்கு இனி ஒருவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

பலா மரத்தடியில் நின்ற அழகமுத்துவுக்கும் கேட்டது. அவன் நேராக நடந்து வந்தான். வாசற்படிக்கு வெளியே நின்று, காப்புக் கட்டியிருந்த கையைப் பண்டாரத்திடம் நீட்டினான்.

"அறுங்க."

"யோசிச்சுச் செய்யி தம்பி. போன வருசம் செத்துப் பொழச்சவன் நீ."

"பொழைக்க வச்சவங்க உள்ள கெடக்காங்க. நா மரத்தடியில நின்னு வேடிக்க பாக்குறேன். இது நல்லாருக்குங்களா? கரகத்துக்கு வேற ஆளப் பாருங்க. அம்மன் கேட்டா நா பதில் சொல்லிக்கிறேன்."

பண்டாரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு முணுமுணுவென்று மந்திரம் சொல்லி, கயிற்றை அவிழ்த்துத் தன் மடியில் முடிந்துகொண்டு, கோயிலைப் பார்த்து நடந்தார். வெள்ளையம்மா அழுகைக்கு நடுவிலும் அதைக் கண்டாள். அவள் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அடுத்த திருவிழா வரைக்கும் புருசன் ஒரு தும்மல் தும்மினாலும் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் விபூதியுமாக ஓடி வருவாள். ஆனாலும் போட்ட குரலை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியில் வைத்தார்கள். சிஸ்டர் ரெஜினா முழங்காலிட்டு ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்ததும், முகத்தை மூடுவதற்கு முன் வாய்க்கரிசி போடலாமா என்று வெள்ளையம்மா கேட்டாள். கெதியாய்ப் போடுங்கோ என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த வழுக்கலில் பெட்டியை மலையிலிருந்து இறக்குவது லேசுப்பட்ட வேலையில்லை. ஆள் மாற்றி ஆள் மாற்றித் தூக்கினார்கள். முன்பக்கத்து வலது தோளை மட்டும் அழகமுத்து யாருக்கும் விடவில்லை. முடக்கில் நின்று மூச்சு வாங்கும்போதுகூட, மாற்றிக்கொள்ள வந்தவனை வேண்டாமென்று தள்ளிவிட்டான். கங்காணி இப்படி அதட்டி ஒருவரும் பார்த்ததில்லை. வெள்ளத்தின் கரைக்கு வந்து பெட்டியை ஓடத்தில் ஏற்றும் வரைக்கும் அவன் தோள் மாறவில்லை. ஏற்றிவிட்டு, கரையேறிப் போகாமல், இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஓடத்தில் பெட்டியும் ஓடக்காரனும் போக இரண்டு பேருக்குத்தான் இடம். தலைமாட்டில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் கபூர் நானா உட்காருவதாக ஏற்பாடு.

"ஆர் நானா இவர்?" என்று சிஸ்டர் ரெஜினா தணிந்த குரலில் கேட்டார். "மலையில இருந்து ஒருத்தரிட்டயும் குடுக்கேல்ல. இப்பவும் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

கபூர் நானா குடையை மடக்கினார். ஓடத்தில் வைக்க எடுத்த காலைத் திரும்பக் கரையில் வைத்துக்கொண்டார்.

"அவரா? அது மதருட மருமகன் சிஸ்டர்."

சிஸ்டர் ரெஜினா அழகமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, தலைமாட்டை விட்டுக் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, "ஏறி இருங்கோ" என்றார்.